கைகூப்பும் படங்களும் ஒரு கேள்வியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘இல்லை என்று சொல்லப் பழகுங்கள்’, ‘முதலில் உங்களைக் கவனியுங்கள்’ என்று உங்கள் மனநலப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த ‘இல்லை’ யாரிடம் சொல்லப்படுகிறதோ, அந்த இடத்தில் ஒன்பது மாதம் இருந்தவள் நான்.

அப்பா பக்கவாதத்தில் படுக்கையில் விழுந்தார். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரி 11, 1, 3, 5 என்று அலாரம் வைத்திருப்பேன். தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். ஏழாவது மாதம் முடியாமல் போய்க் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன்: “யாராவது இரண்டு ராத்திரி வந்து பார்த்துக்கொள்ள முடியுமா?”

ஐந்து நிமிடத்தில் நான்கு கைகூப்பும் படங்கள், இரண்டு இதயங்கள் வந்தன. “நீதான் நம் குடும்பத்தின் பலம்” என்று அண்ணன் எழுதினார். அக்கா தனியாகப் பேசினாள். “எனக்கு இப்போ மனசுல தெம்பில்லைம்மா, நானும் என்னைப் பார்த்துக்கணும். ஒரு ஆளை வேலைக்கு வை, பாதிச் சம்பளம் நான் தரேன்” என்றாள். பணத்தை அன்றைக்கே அனுப்பியும்விட்டாள். யாருமே முடியாது என்று சொல்லவில்லை. யாரும் வரவும் இல்லை.

முகத்துக்கு நேரே “என்னால ஆகாது” என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நாலு நாள் கழித்துச் சமாதானமும் ஆகியிருப்போம். இதயம் அனுப்பியவரிடம் எப்படிச் சண்டை போடுவது? கேட்டவள்தான் விவரம் தெரியாதவள் போல ஆகிவிடுகிறாள். இன்றைய சுயநலம் நன்றாகப் படித்திருக்கிறது, அக்கறையின் வார்த்தைகளிலேயே பேசுகிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தின் 10 குழந்தைகள் காப்பகங்களில் க்னீஸி, ருஸ்டிகினி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. அவற்றில் ஆறு காப்பகங்களில், பிள்ளையைக் கூப்பிடப் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தால் அபராதம் என்றார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை ஆசிரியை காத்திருப்பாரே என்ற சங்கடம் இருந்தது. காசு கட்டியதும் அது விலை கொடுத்து வாங்கிய நேரமாகிவிட்டது. பிறகு அபராதத்தை நீக்கியும் பழைய நிலை திரும்பவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஆள் வந்ததும் வாராவாரம் வந்த போன் மாதம் ஒன்றானது. அந்த ஆள் பத்து நாள் லீவில் போனபோது, ராத்திரி என்ன செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உண்மையிலேயே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. தன்னைக் கவனித்துக்கொள்வதும் தப்பில்லை. அது ஒரு முழு ராத்திரி தூங்காதவர்களுக்குத்தான் முதலில் தேவை.

ஆனால் இந்தப் பாஷை எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது! போன மாதம் கூட வேலை பார்ப்பவர், கணவரின் ஆபரேஷன் அன்று துணைக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தார். “தைரியமாக இருங்கள், எது தேவைப்பட்டாலும் சொல்லுங்கள்” என்று நானே பதில் அனுப்பிவிட்டேன். என்ன தேவை என்று அவர் அதற்கு முந்தின வரியிலேயே சொல்லியிருந்தார். அதை மறுபடி படித்தபோது கை நடுங்கியது. உடனே போன் செய்து, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.

மனநலப் பக்கத்தில் அடுத்த முறை, உதவி கேட்டவருக்கு நேர்மையாக எப்படிப் பதில் சொல்வது என்றும் எழுதுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி