அத்தைக்கு, ஃபிரிட்ஜ் திருகைப் பற்றி

அத்தை,

நீங்கள் எங்கள் வீட்டை விட்டுப் போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம். ஏன் போனீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதனால் அந்தக் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. மச்சான் இதைப் படிப்பார். படித்துவிட்டு உங்களுக்கு வாசித்தும் காட்டுவார். ஆகவே போனில் நடந்த பேச்சுகளைப் பற்றி இங்கே ஒரு வரிகூட இருக்காது. வீட்டுச் செலவைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன் என்று உங்கள் மகளிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்குள் பேச வேண்டியதை எதற்கு நாலு பேர் பார்க்க எழுதுகிறீர்கள் மாப்பிள்ளை என்று கேட்பீர்கள். அன்று நான் பேசியதும் நாலு பேர் முன்னால்தானே. என் அலுவலகத்து நண்பர்கள் சாப்பிட வந்து உட்கார்ந்திருந்த நேரம். அவர்களில் இரண்டு பேராவது இதைப் படிப்பார்கள். அவர்களும் படிக்க வேண்டும்.

என்னுடைய மளிகைக் கணக்கு உங்களுக்கு நினைவிருக்கும். எக்செல்லில் மாதம் ஒரு தாள், பொருள், அளவு, விலை என்று நான்கு வருடமாக எழுதுகிறேன். "எழுதி வச்சா குறைஞ்சிடுமா மாப்பிள்ளை?" என்று நீங்கள் ஒருமுறை சிரித்தபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குறையவில்லை அத்தை. நீங்கள் போன மூன்றாவது மாதத்திலிருந்து ஏற ஆரம்பித்தது. சாப்பிடுகிற ஆள் ஒன்று குறைந்த வீட்டில் செலவு எப்படி ஏறும்? விலைவாசி என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் விலைக்குப் பக்கத்திலேயே அளவும் எழுதும் பழக்கம் எனக்கு இருக்கிறதே, அது மாட்டிவிட்டுவிட்டது. தக்காளி மட்டும் முன்பு வாங்கியதைப் போல ஒன்றரை மடங்கு. பால் அதைவிட மோசம். நாங்கள் அதிகமாகச் சாப்பிடவில்லை. குப்பைத் தொட்டிதான் சாப்பிட்டது.

என்னதான் போகிறது பார்த்துவிடுவோம் என்று ஒரு மாதம் முழுக்க, தூக்கிப் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தராசில் வைத்தேன். பிள்ளைகள் இரண்டும் சிரித்தன. பத்தொன்பது கிலோ வந்தது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், 2022ஆம் ஆண்டுக் கணக்காக, உலகம் முழுக்க வீடுகளில் வீணாகும் உணவு தலைக்கு வருடம் 79 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். நான்கு பேருக்கு மாதம் 26 கிலோ சொச்சம் வரும். பரவாயில்லை, பாஸாகிவிட்டோம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அது தோல், எலும்பு, கொட்டை எல்லாம் சேர்ந்த கணக்கு. நம் வீட்டு மூட்டையிலிருந்து தோலையும் காம்பையும் கழித்துப் பார்த்தேன். மிச்சம் 11 கிலோ. சாப்பிடலாம் என்று காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குத் தூக்கி வந்து, குளிரில் வைத்து, அப்புறம் தூக்கிப் போட்டது 11 கிலோ.

அந்த மாதம் முழுக்க எனக்கு ஒரே ஒரு காட்சிதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

நீங்கள் வந்த புதிதில், ஒரு நாள் ராத்திரி பத்து மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். விளக்குப் போடவில்லை நீங்கள். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் நின்றிருந்தீர்கள். ஒவ்வொரு கிண்ணமாக மூடியைத் தொட்டு, உதட்டுக்குள்ளேயே ஏதோ சொல்லி, ஒன்றைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்து, இன்னொன்றைப் பின்னுக்குத் தள்ளி. காய்கறித் தட்டைத் திறந்து ஒரு கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்தீர்கள். கதவு ஒரு நிமிடத்துக்கும் மேல் திறந்திருந்தது. எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா, கரண்ட் போகிறதே என்பதுதான். அதைச் சொல்லவும் செய்தேன். நீங்கள் "ஆமா மாப்பிள்ளை" என்று மூடிவிட்டுப் போனீர்கள். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

நாளைக்கு எது முதலில் தீர வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் சமையல் அந்த ஒரு நிமிடத்தில்தான் முடிவானது. கடைக்கு என்ன எழுத வேண்டும் என்பதும் அப்போதுதான். நான் நேர் எதிர். என்ன சமைக்கலாம் என்று முதலில் யோசித்து, அதற்கு வாங்கி வந்து, உள்ளே வைக்க இடம் பார்க்கும்போதுதான் ஏற்கெனவே இருப்பது கண்ணில் படும். சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறவன், முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவன், வீட்டில் புதுப் பால் பாக்கெட்டைப் பழையதற்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

பால் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்று பார்க்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் ஒன்பது டிகிரி. நான்கு டிகிரியில் இருக்க வேண்டும், ஐந்தைத் தாண்டவே கூடாது. பால் இருந்தது கதவில். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வெளிக்காற்று படுகிற இடம் அது, இன்னும் சூடாகத்தான் இருந்திருக்கும். ஏன் ஒன்பது என்று உள்ளே இருக்கும், குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பார்த்தேன். ஒன்றில் இருந்தது. நம் ஃபிரிட்ஜில் எண் ஏறினால் குளிர் ஏறும், நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை, தெரிந்துதான் திருப்பியிருந்தேன். நான்கிலிருந்து ஒன்றுக்கு. அந்த விருந்துக்கு இரண்டு மாதம் முன்னால், கரண்ட் பில்லைக் குறைக்க. எக்செல்லில் அந்த மாதத் தாளில் குறிப்புகூட இருக்கிறது: "ஃபிரிட்ஜ் 1".

ஆக, அன்றைக்கு அந்தக் கிண்ணங்களில் வந்த நாற்றம் உங்களால் வந்தது இல்லை. உங்கள் வழக்கப்படி இரண்டு நாள், மூன்று நாள் தாங்க வேண்டியது ஒரே நாளில் புளித்திருக்கிறது. நான் கதவைத் திறந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் சிரிக்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகப் பேசி, பதினொரு கிண்ணத்தையும் ஒவ்வொன்றாகக் கொட்டினேன். அந்த நீலக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கிண்ணத்தோடேயே போட்டேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் போன பிறகு குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டு அதன் மூடியை மட்டும் எடுத்துக் கழுவித் துடைத்து வைத்தீர்கள். கிண்ணம் விரிசல் விட்டிருந்தது போல.

திருகு விஷயம் உங்கள் மகளுக்கே போன வாரம்தான் தெரியும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் ஒன்று அத்தை. எல்லாமே என் தப்பு என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். சோற்றை நீங்கள் ஃபிரிட்ஜில் வைத்ததே இல்லை. அடுப்படி மேடையிலேயே ராத்திரி முழுக்க இருக்கும், காலையில் சூடு பண்ணிக் கொடுப்பீர்கள். எத்தனை தடவை சொன்னேன்! அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் பெருகும். அது உண்டாக்கும் நஞ்சில் ஒரு வகை, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். சின்னவள் ஒரு நாள் முழுக்க வாந்தி எடுத்தது அதனால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, முடியாமலேயே உங்கள் மேல் பழியைப் போட்டேன். அது தப்பு. நான் சொன்ன விஷயம் தப்பில்லை. "நாங்கல்லாம் இப்படித்தான் வளந்தோம்" என்று ஒரு பதில் வைத்திருந்தீர்களே, அதைக் கேட்டால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. மிச்சம் பிடிப்பதற்கும் பிள்ளைக்கு ஆபத்து வைப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, அந்தக் கோட்டை நீங்கள் மூக்கை வைத்து மட்டும்தான் பார்த்தீர்கள். நஞ்சுக்கு எப்போதும் நாற்றம் இருக்காது.

நானோ அந்தக் கோட்டைத் தேதியை வைத்துப் பார்த்தேன். பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' தாண்டினால் அடுத்த நாளே குப்பை. அது ருசிக்கும் மொறுமொறுப்புக்கும் போடுகிற தேதி, கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. 'யூஸ் பை' என்று போட்டிருப்பதைத்தான் தாண்டக் கூடாது. நீங்கள் எடுத்து வைத்த பிஸ்கட்டையும் மாவையும் நான் எத்தனை முறை தூக்கிப் போட்டேன், கணக்கில்லை.

இன்னொரு கணக்கிலும் நான் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நீங்கள் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குவீர்கள். விலையைப் பார்க்காதீர்கள், கிலோவுக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள் என்று நான் கத்துவேன். பெரும்பாலும் பெரியதுதான் மலிவு (எப்போதும் இல்லை, சில சமயம் பெரிய பாக்கெட்டிலேயே கிலோவுக்குக் கூடுதலாக இருக்கும், அதனால்தான் வகுத்துப் பார்க்கச் சொல்வது). ஆனால் நீங்கள் போன பிறகு மலிவு என்று வாங்கிய பருப்பு மூட்டையில் பாதிக்கு வண்டு வந்துவிட்டது. கிலோ விலையில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு குப்பைக்குப் போனது. இதை மச்சானிடம் சொல்லிச் சிரிக்க வேண்டாம், ப்ளீஸ்.

கடைக்கு என்னோடு வரும்போது தள்ளுவண்டி வேண்டாம் என்பீர்களே, ஞாபகமிருக்கிறதா? கூடைதான் எடுப்பீர்கள். "கை வலிச்சா போதும்னு அர்த்தம்" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும், தூக்குவது நான்தானே. சமீபத்தில் படித்தேன். அந்தத் தள்ளுவண்டியை 1937இல் அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் கொண்டு வந்ததே இதற்காகத்தான். கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள், கனம் தெரியாமல் இருந்தால் இன்னும் வாங்குவார்கள் என்று கண்டுபிடித்தார். அவர் வியாபாரத்துக்குக் கண்டுபிடித்ததை நீங்கள் கை வலியில் கண்டுபிடித்திருந்தீர்கள். நான் படித்தவன், வண்டி தள்ளினேன்.

இப்போது கூடைதான். திருகு நான்கில் இருக்கிறது. பால் நடுத்தட்டுக்கு வந்துவிட்டது. வாழைப்பழத்தை மற்ற பழங்களிலிருந்து தள்ளி வைக்கிறேன், நீங்கள் ஏன் ஜன்னலோரம் தனியாக வைத்தீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. அது எத்திலீன் என்ற வாயுவை விடுமாம், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துப் பழுக்க வைத்துவிடும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் கிடந்தன, பிரித்துவிட்டேன். புதிதாக வாங்குகிற பருப்பைச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்த பிறகுதான் டப்பாவில் கொட்டுகிறேன், வண்டு முட்டை அதில் செத்துவிடும். இது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் சொல்லாதீர்கள், ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும்.

ராத்திரி பத்து மணிக்கு நானும் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறேன். பெரியவன் ஒரு நாள் பார்த்துவிட்டு "அப்பா, கரண்ட்" என்றான்.

போன மாதம் தராசில் மொத்தம் ஏழு கிலோ, பெரும்பாலும் தோல். எக்செல் தாளும் இறங்கியிருக்கிறது, இன்னும் நீங்கள் இருந்த அளவுக்கு வரவில்லை. அதைப் பார்க்கும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது, உங்கள் மேல் கோபமாகவும் வருகிறது. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள்? "மாப்பிள்ளை, இது இதுக்காகத்தான் வச்சிருக்கேன்" என்று ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்? மகள் வீட்டில் இருக்கிறவள் வாய் திறக்கக் கூடாது என்று யார் சொன்னது உங்களுக்கு? நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். இந்த இடத்தை உங்கள் மகள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள், அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். கொத்தமல்லி. நீங்கள் இருந்தபோது பத்து நாள் பச்சையாக இருக்கும். நான் ஈரத்துணியில் சுற்றிப் பார்த்தேன், டப்பாவில் போட்டுப் பார்த்தேன், பூங்கொத்து மாதிரி டம்ளர் தண்ணீரில் நிற்க வைத்தும் பார்த்தேன், எதிலும் ஐந்தாவது நாள் கறுத்துவிடுகிறது. நீங்கள் காம்பை ஏதோ செய்வீர்கள் என்று உங்கள் மகள் சொல்கிறாள், என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. போனில் சொன்னாலும் எழுதிக்கொள்வேன். ஆனால் செய்து காட்டினால்தான் எனக்கு ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

மாப்பிள்ளை