மூன்று சக்கரம் தரையில், ஒன்று அந்தரத்தில்

அன்புள்ள நடராஜ்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீடு வெறிச்சென்று இருப்பதாக எழுதியிருந்தாய். இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, என் முழங்கால் பழைய கதைதான். பதில் தள்ளிப்போனதற்கு இது எதுவும் காரணமில்லை. உங்கப்பா வேலை பார்த்த ஹெலிகாப்டரைப் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்ன மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேனே, அதுதான் காரணம்.

பெட்டியைத் திறந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்தது. எம்ஐ-4, 72-இல் ஒரு பங்கு அளவு. மூடியில் படம் அத்தனை அழகு. உள்ளே ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பிசிறு. நம் பேட்டர்ன் ஷாப்பில் வார்ப்புக்கான மர அச்சை, அதாவது பேட்டர்னை, இரண்டு பாதியாகச் செய்தால் முதலில் என்ன வைப்போம்? இரண்டு பாதியும் நகராமல் சேர்ந்து உட்காரச் சின்ன முளை, அதாவது டவல். இதில் உடம்பின் இடது பாதிக்கும் வலது பாதிக்கும் ஒரு டவல்கூடக் கிடையாது! அப்படி ஒரு பேட்டர்னை நாம் அனுப்பியிருந்தால் ஃபவுண்டரிக்காரன் அதை அடுப்பில் போட்டு டீ வைத்திருப்பான்.

காரணமும் எனக்குத் தெரியும், அதுதான் எரிச்சல். கொஞ்சம் எண்ணிக்கைக்காக, கெட்டி எஃகில் இல்லாமல் மெத்தென்ற அச்சில், குறைந்த அழுத்தத்தில் அடித்த கிட் இது. பெரிய கம்பெனிகள் சீண்டாத மாடல்களை இப்படி யாராவது செய்தால்தான் உண்டு. திட்டவும் முடியவில்லை, திட்டாமலும் இருக்க முடியவில்லை.

சரி, ஒட்டாமல் பொருத்திப் பார்த்தேன். மூக்கைச் சேர்த்தால் வாலில் ஒரு பாதி 2 மில்லிமீட்டர் நீளம். வாலைச் சேர்த்தால் மூக்கு இடிக்கிறது. மூன்று நாள் இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஜன்னல் வரிசையை நடுவில் நேராகப் பிடித்து, பிழையை மூக்குக்கு ஒரு மில்லி, வாலுக்கு ஒரு மில்லி என்று பங்கு போட்டேன். ஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக் தகட்டில் சின்னச் சின்ன நாக்கு வெட்டி, உள்ஓரத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒட்டினேன். டவல் இல்லாவிட்டால் நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே.

அப்படியும் முதுகில் ஒன்றரை மில்லி இடைவெளி. அசல் அளவில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர். உங்கப்பா ஸ்பேனரோடு கையையே உள்ளே விட்டிருப்பார். புட்டி போட்டுத் தேய்த்தேன், மறுபடி புட்டி, மறுபடி உப்புத்தாள். அதில் ரிவெட் கோடெல்லாம் அழிந்து, முதுகு வழுக்கைத் தலை மாதிரி ஆகிவிட்டது. "இந்த நேரத்துக்கு மரத்திலேயே செதுக்கியிருக்கலாமே" என்றாள் வீட்டில். உண்மைதான், அதனால் பதில் சொல்லவில்லை.

அடுத்தது என் தப்பு. பைலட் அறைக் கண்ணாடி உட்காரவில்லை என்ற கோபத்தில் சூப்பர் க்ளூவைத் தொட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் உள்பக்கம் முழுக்க மூச்சு விட்ட மாதிரி வெள்ளை படர்ந்திருக்கிறது. பொறுமையாக ஃபெவிகால் வைத்திருந்தால் தெளிவாகக் காய்ந்திருக்கும். இப்போது பைலட்டுகள் இருவரும் நிரந்தரப் பனிமூட்டத்தில் பறக்கிறார்கள்.

இறக்கை நான்கும் மேல்நோக்கி வளைந்திருந்தன. நிற்கிற ஹெலிகாப்டரில் அவை தொங்கத்தானே வேண்டும்? வெந்நீரில் முக்கி வளைத்தேன், கேட்டுக்கொண்டன. மொத்த விசிறி நுனிக்கு நுனி 29 சென்டிமீட்டர், அசலில் 21 மீட்டர். மேஜையில் வைத்தால் சாப்பாட்டுத் தட்டை மறைக்கிறது.

இப்போதைய தகராறு சக்கரம். எம்ஐ-4க்கு நாலு சக்கரம் என்பது உனக்கே தெரியும். முக்காலி எங்கே வைத்தாலும் நிற்கும், நாற்காலிதான் ஆடும். உடம்பு லேசாக முறுக்கியிருப்பதால் முன்னால் வலது சக்கரம் தரையைத் தொட மாட்டேன் என்கிறது. கண்ணாடிக் கடையில் ஒரு சதுரம் வெட்டி வாங்கி, அதன்மேல் நிறுத்தி, கால்களை மறுபடி ஒட்டினேன். இன்னும் அந்தச் சக்கரத்துக்கு அடியில் ஒரு தபால் அட்டை நுழைகிறது. மற்ற மூன்றையும் அடியில் கொஞ்சம் தேய்க்கலாம் என்றிருக்கிறேன். டயர் பாரத்தில் அமுங்கினது போலவும் இருக்கும்.

இரண்டு தடவை குப்பைக்குப் போட எடுத்துப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "மூக்கில் இன்ஜின், மாடியில் பைலட்" என்று உங்கப்பா திண்ணையில் கையை ஆட்டிக் காட்டுவாரே, அது ஞாபகம் வந்து திரும்ப எடுத்து வந்தேன். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரில், மேக்னா ஆற்றைத் தாண்டி ராத்திரியிலும் நம் படையாட்களை இறக்கிய வண்டிகளுக்கு நட்டு முடுக்கினவர். அவர் முடுக்கினதில் ஒன்றரை மில்லி இடைவெளி இருந்திருக்குமா?

அப்புறம் ஒரு வேலை உனக்கு. அவர் ஹெலிகாப்டர் பக்கத்தில் அரைக்கை பனியனோடு நிற்கிற படம் உன் அக்கா வீட்டில் இருக்கும். வாலில் நம்பர் எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். போனில் படம் பிடித்து அனுப்பு. தலையை மட்டும் பிடிக்காதே, வாலும் வரட்டும். அடுத்த வாரம் பெயின்ட் தொடங்குகிறேன்.

அன்புடன்,
பழனி