நியூபோர்ட் மாளிகை வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் நகரில், பழைய செல்வந்தர்களின் கோடை மாளிகைகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளுக்கு வணக்கம்.

அவற்றில் ஒன்றான மார்பிள் ஹவுஸ், ரயில்வே செல்வந்தர் வில்லியம் வாண்டர்பில்ட் தம் மனைவி ஆல்வாவுக்குப் பிறந்தநாள் பரிசாக 1888 முதல் 1892 வரை கட்டுவித்தது என்பதையும், செலவான 1 கோடியே 10 லட்சம் டாலரில் 70 லட்சம் சலவைக்கல்லுக்கே போயிற்று என்பதையும் வருகிறவர்கள் தாங்களாகவே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அங்குள்ள கோதிக் (இடைக்கால ஐரோப்பியப் பாணி) அறையில் மட்டும் அவர்களைச் சற்றுக் கூடுதல் நேரம் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்தக் கடற்கரைக் கோடை எதற்காக நடந்தது என்பது அங்கேதான் விளங்குகிறது. சில வாரங்களே நீடித்த அந்தப் பருவத்தில் பெய்லிஸ் கடற்கரையில் குளியல், கேசினோவின் புல்தரையில் டென்னிஸ் (பெயரைக் கண்டு சூதாட்டக் கூடம் என்று எண்ணிவிடக் கூடாது, நாட்டின் முதல் தேசிய டென்னிஸ் போட்டி 1881இல் அங்கேதான் நடந்தது), பிற்பகலில் பெல்வியூ அவென்யூவில் குதிரை வண்டி உலா, இரவில் விருந்தும் நடனமும் என்று பொழுதுக்கொரு உடை மாற்றிய இளம்பெண்கள், பெரியவர் ஒருவர் துணையின்றி எந்த ஆடவரோடும் தனித்திருக்க முடியாது. பெயர்தான் ஓய்வு, நடந்ததென்னவோ பெண் பார்க்கும் படலம்.

1895இல் ஆல்வாவின் மகள் கான்சுவேலோவுக்கு 18 வயது. அவர் விரும்பியது வின்த்ரப் ரதர்ஃபர்ட் என்பவரை. தாயோ அந்த உறவை அறுத்துவிட்டு, இங்கிலாந்தில் உள்ள தம் பிளென்ஹைம் அரண்மனையைப் பராமரிக்கப் பணம் தேவைப்பட்ட மார்ல்பரோ கோமகனை விருந்தாளியாக வரவழைத்தார். இடைக்காலக் கலைப்பொருள்களை ஆல்வா நிறைத்து வைத்திருந்த அந்தக் கோதிக் அறையில்தான் கோமகன் கான்சுவேலோவிடம் தம்மை மணந்துகொள்ளும்படி கேட்டார். நவம்பர் 6 அன்று நியூயார்க்கில் திருமணம் நடந்தது. 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள் மாப்பிள்ளை பக்கம் எழுதிவைக்கப்பட்டன. தமிழர்கள் உங்கள் குழுவில் இருந்தால், 'வரதட்சணை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.

ஆல்வாவை வெறும் கொடுமைக்காரியாகக் காட்டிவிட வேண்டாம். அதே ஆண்டில் கணவரை விவாகரத்து செய்து தமக்கு விடுதலை தேடிக்கொண்டவர் அவர். 1914இல் அதே வீட்டில் பெண்கள் வாக்குரிமைக்காக மாநாடு கூட்டியவரும் அவரே. 1926இல் கான்சுவேலோவின் திருமணம் செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபை தீர்ப்பளித்தபோது, மகளைக் கட்டாயப்படுத்தியது தாமே என்று சாட்சி சொல்லியிருந்தார்.

இவற்றையெல்லாம் அந்த அறைக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். பின்புறப் புல்வெளிக்கு வந்து கடலைப் பார்த்துவிட்டால் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்