பட்டி பார்க்கும் முன் ஒரு முறை காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் முடிந்ததும் சென்னையில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை சூடுபிடிக்கும். டேங்குக்கும் மட்கார்டுக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அலுமினிய இன்ஜின் கவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அண்மையில் என் தங்கை மகன், திருவொற்றியூரில் உருவான தன் பழைய புல்லட்டின் டைமிங் கவரை (இன்ஜினின் பக்கவாட்டு அலுமினிய மூடியை) ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தான். பழைய பெயின்டை எடுக்க அதைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார்கள். இரும்புக்கு அது சரி, அலுமினியத்தையோ தின்றுவிடும். நுரைத்துக்கொண்டு வருவது அழுக்கு என்று நினைக்கிறார்கள். அது ஹைட்ரஜன், பக்கத்தில் பீடி பற்றவைப்பவர்களும் உண்டு! ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் முகம் அரிக்கப்பட்டுச் சொரசொரவென்று ஆகிவிட்டது. வெளிப்பக்கம் பள்ளங்களைப் பசையால் நிரப்பிப் பட்டி பார்த்து, சில்வர் அடித்து, பளபளவென்று கொடுத்தார்கள். இப்போது ஆயில் கசிகிறது.

கடற்காற்று படும் வடசென்னையில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப்போகும். விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். அந்த மாவைத் துடைத்த பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், குண்டூசி முனையளவு குழிகள் தெரியும். அவற்றில் தங்கிய உப்பை எடுக்காமல் அடித்த பெயின்ட், அடுத்த மழைக்குள் கொப்புளம் விடும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் டீசல், பிறகு சோப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பசை போகாமல் உப்புத்தாளைத் தொட்டால், பசையைத்தான் உள்ளே தேய்த்து ஏற்றுவோம். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. அதன் துகள்கள் பதிந்து அரிப்பைக் கிளப்பும். கீழே விழுந்த வண்டியில் கீறலின் இரு கரைகளிலும் உலோகம் பிதுங்கி நிற்கும். அந்த மேட்டை மட்டும் அரத்தால் எடுத்துவிட்டால், ஆழம் என்று பயந்த பள்ளம் பல நேரம் மேலோட்டமாகத்தான் இருக்கும். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அலுமினியம் பற்களில் அடைக்காது.

மிச்சமிருக்கும் பள்ளத்துக்கு அலுமினியத் தூள் கலந்த எபாக்சி என்ற ஒட்டுப்பசை போதும். கார் பாடிக்குப் போடும் பட்டி, சிலிண்டர் ஹெட்டின் சூட்டில் வெடித்து உதிரும். சூட்டை வெளியேற்றும் ஃபின்கள் என்ற தகடுகள் உடைந்திருந்தால், அவற்றுக்கு ஆர்கான் வெல்டிங்தான் வழி. அதுவும் கை பழகியவரிடம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். காற்றுப் பட்டு அதன் மேலே படிந்த ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கையும் செய்யாது, திடீரென்று சரிந்துவிடும். பெயின்டுக்காகத் தேய்த்து முடித்தாலும் காற்றுப் பட்டவுடனேயே ஆக்சைடு மறுபடி படியத் தொடங்கும். ஆகவே அன்றே, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமரை அடிப்பூச்சாக அடித்துவிட வேண்டும். இரும்புக்கு அடிக்கும் வழக்கமான ரெட் ஆக்சைடு பிரைமர் இதில் சரியாகப் பிடிக்காது.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மணிக்கணக்கில் உட்கார்ந்து தேய்ப்பதற்குக் கூலி கேட்டால், "பெயின்ட் டப்பா இவ்வளவுதானே" என்று பேரம் பேசுபவர்கள் நாம்தான். பிறகு கவர் பாழானதும் இன்னொன்றைத் தேடிப் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்கு ஓடுவோம்.

ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு என் வேண்டுகோள்: தேய்க்கும் கூலியைப் பில்லில் தனி வரியாகப் போடுங்கள். வண்டிக்காரர்கள், பட்டி வைக்கும் முன் வெறும் உலோகமாக இருக்கும் கவரை ஒரு முறை நேரில் காட்டச் சொல்லுங்கள். கடைக்குப் போக நேரமில்லாவிட்டால் செல்போனில் ஒரு படமாவது கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர்,
தண்டையார்பேட்டை, சென்னை