‘என்ன பாடம்?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பங்குக் கோவில்களில் திரைப்படம் காட்டி மறைக்கல்வி (கிறிஸ்தவ விசுவாசப் பாடம்) நடத்துவது பற்றிய உங்கள் கட்டுரையில் பரிந்துரைத்தவை எல்லாம் இயேசுவின் பாடுகளைக் காட்டும் படங்கள், அல்லது புனிதர் வரலாறுகள். அவை இருக்கட்டும். மகிழ்ச்சியைப் பற்றியும் பேச வேண்டுமென்றால், அற்புதம் எதுவும் நிகழாத ஒரு படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: கேப்ரியல் ஆக்செல் 1987-இல் எடுத்த டேனிஷ் படம், ‘பாபெட்டின் விருந்து’. 1995-இல் சினிமா நூற்றாண்டையொட்டி வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில், சமயப் பிரிவில் இது உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலின் 129-ஆம் எண்ணில் இதன் ஒரு காட்சியைச் சொல்லியிருக்கிறார்.

கதை சிறியது. டென்மார்க்கின் ஜுட்லாந்து கடற்கரையில், மறைந்த போதகரின் இரண்டு மகள்கள், மணமாகாமலே முதுமை எய்தியவர்கள், சுருங்கிப்போன ஒரு சபையைக் காத்துவருகிறார்கள். பாரிஸ் கம்யூன் என்னும் புரட்சி அரசு ஒடுக்கப்பட்ட 1871-இல் கணவனையும் மகனையும் இழந்த பாபெட் அவர்களிடம் சமையலுக்கு வருகிறாள். கருவாட்டை ஊறவைப்பதும் ரொட்டிக் கஞ்சி காய்ச்சுவதும்தான் வேலை. 14 ஆண்டு கழித்து லாட்டரியில் 10,000 ஃபிராங்க் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு, 12 பேருக்கான ஒரே ஒரு விருந்தில் அத்தனையையும் செலவழித்துவிடுகிறாள். உயிருள்ள ஆமையும் காடைகளும் வந்து இறங்குவதைப் பார்த்து அரண்டுபோன சபையார், சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தீர்மானம் போடுகிறார்கள்.

இந்தப் படத்தைக் காட்டுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 12 பேர் என்றால் திருத்தூதர்கள், பாபெட் கிறிஸ்து, திராட்சை ரசம் நற்கருணை என்று கணக்குப் போல விடை எழுதிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துபோகும். உண்மையில் சமையலறையில் உட்கார்ந்து அதே விருந்தைச் சுவைக்கும், விருந்தாளியாக வந்த ராணுவ ஜெனரலின் வண்டிக்காரர் அந்த 12-இல் சேராதவர். அவரை எந்தக் கணக்கில் வைப்பது?

படத்தின் உயிர் வேறெங்கோ இருக்கிறது. ஒரு மூதாட்டி தண்ணீர்க் கோப்பையை வாயில் வைத்துவிட்டு முகம் சுளிக்கிறார்; உடனே கை மெல்ல ஒயின் பக்கம் போகிறது. ஷாம்பெயினின் பெயரையும் ஆண்டையும் சொல்லி ஜெனரல் வியக்கும்போது, பக்கத்துப் பெரியவர் நாளைக்குப் பனி பெய்யும் என்கிறார். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவர் அந்த மேசையில் ஜெனரல் ஒருவர்தான். ஆனாலும் தெரியாதவர்களுக்கும் அதே தட்டு, அதே பரிமாறல். அருள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மறையுரையிலும் சொல்லிவிட முடியாது. பாமாலை பாடும் கூட்டத்திலேயே பழைய பகையைக் கிளறிச் சண்டையிட்டவர்கள், இங்கே சாப்பிட்டுக்கொண்டே ஒருவரை ஒருவர் மன்னிக்கிறார்கள். யாரும் அறிவுரை சொல்லவில்லை. கிருபையும் சத்தியமும் சந்திக்கும் விவிலியத்தின் 85-ஆம் திருப்பாடலை ஜெனரல் எடுத்துச் சொல்வதும் வயிறு நிறைந்த பிறகுதான்.

கத்தோலிக்கப் பார்வையாளர்களிடம் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. புராட்டஸ்டன்ட் பிரிவான அந்த லுத்தரன் சபையாரை ‘வறண்ட மனிதர்கள்’ என்று சிரித்து ஒதுக்கும் பேச்சு எளிதில் கிளம்பும். அந்தச் சகோதரிகள் ஏழைகளுக்குத் தினமும் உணவு கொண்டுபோகிறவர்கள். சம்பளம் தர வழியில்லாதபோதும் அகதியைக் கதவுக்குள் விட்டவர்கள். படம் இரு தரப்பையும் நேசிக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். படம் ஏறக்குறைய 100 நிமிடம். முன்னுரை 5 நிமிடத்தைத் தாண்டவே கூடாது. முழு மாலைக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரும்பகுதி மங்கலான ஒளியில் எடுத்த படம் என்பதால், திரைச்சீலை இல்லாத மண்டபத்தில் இருட்டுவதற்கு முன் போட்டால் சாம்பல் நிறம்தான் தெரியும். வசனவரி ஆங்கிலத்தில் என்றால், முதல் பாதிக்கும் ஜெனரலின் உரைக்கும் மட்டும் ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லட்டும். மற்றபடி விருந்தின்போது மைக்கை அணைத்துவிடுங்கள். முதல் அரை மணியில் இளைஞர்கள் செல்போனை எடுப்பார்கள். அதற்காக அந்தப் பகுதியை ஓட்டிவிடாதீர்கள். கருவாட்டைப் பார்க்காதவனுக்குக் காடை ருசிக்காது. வீட்டில் பார்க்க வாங்கிய டிவிடியோ ஓடிடி சந்தாவோ மண்டபத் திரையிடலுக்குச் செல்லாது, உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும்.

படம் முடிந்ததும் மூன்று நிமிடம் விளக்கைப் போடாதீர்கள். பிறகு எட்டு எட்டுப் பேராக உட்காரவைத்து, கண்ணால் பார்த்ததை மட்டும் முதலில் கேளுங்கள். பாட்டியின் முகம் எப்போது மாறியது? காடையை எப்படிச் சாப்பிடுவது என்று மற்றவர்கள் யாரைப் பார்த்துக் கற்றார்கள்? எல்லாம் பரிமாறி முடித்த பாபெட் என்ன செய்தாள்? விசுவாசம் பற்றிய பேச்சு இவற்றிலிருந்து தானாக எழும்பும்.

தவக்கால வெள்ளியில் மட்டும் வேண்டாம். நோன்பிருப்பவர்களுக்கு இத்தனை நீளமான விருந்தைக் காட்டுவது கொடுமை. ஈஸ்டரைத் தொடரும் உயிர்ப்புக் காலத்து ஞாயிறு மாலை பொருந்தும். சுண்டலையும் தேநீரையும் கலந்துரையாடலுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். படம் முடியும்போது எல்லோருக்கும் பசிக்கும்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்