அப்புச்சி வழி வந்த கண்

அன்புள்ள கண்ணு,

நீ கேட்ட கேள்விக்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பையனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதது என்னிடமிருந்து வந்தது. "எங்கள் பக்கம் யாருக்கும் இப்படி இல்லையே" என்று சம்பந்தியம்மா சொன்னதை நீ மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருக்கிறாய். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர்கள் பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. மாப்பிள்ளைக்கே இந்தக் குறை இருந்திருந்தாலும் அதை மகனுக்குக் கொடுத்திருக்க முடியாது. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அழுதுவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நம் உடம்பின் செல்களில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் 23 ஜோடி. கடைசி ஜோடிதான் பிறப்பது ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸில் இருக்கின்றன. (நீலத்துக்கானது ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது; அதனால் பையனுக்கு வானத்தில் ஒரு குழப்பமும் வராது.) என்னிடம் இருப்பது ஒரே எக்ஸ், பழுதும் அதில்தான். நீ பெண்ணாகப் பிறந்ததால் அதை உனக்குக் கொடுத்தே ஆகவேண்டும். வேறு கையிருப்பு என்னிடம் இல்லை. உன் அண்ணனுக்குப் போனது என் ஒய். ஆகவே அவன் தப்பித்தான், அவன் பிள்ளைகளுக்கும் என் வழியில் இது போகாது. உனக்கு அம்மாவின் எக்ஸ் துணைக்கு இருக்கிறது. அதனால் நிறமெல்லாம் தெரிகிறது. பையன் மாப்பிள்ளையிடமிருந்து ஒய்யையும் உன்னிடமிருந்து ஒரு எக்ஸையும் வாங்கிக்கொண்டான். உன் இரண்டில் எது போகும் என்பது பாதிக்குப் பாதி. என்னுடையது போயிருக்கிறது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று கருவிலேயே அணைந்துவிடுகிறது. மேரி லயன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1961-இல் சொன்னது இது. எது அணையும் என்பது செல்லுக்குச் செல் மாறும். அப்படிப் பார்த்தால் உன் விழித்திரையில் சில திட்டுகள் அம்மாவுடையவை, சில திட்டுகள் என்னுடையவை. அந்த என் திட்டுகளை வைத்துக்கொண்டும் நீ சேலைக்கு ரவிக்கை பொருத்தம் பார்ப்பதில் யாருக்கும் சளைத்தவள் இல்லை!

எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். உன் அப்பத்தாவிடமிருந்து. அவருக்கு நிறம் நன்றாகத் தெரியும். ஆனால் அவருடைய தம்பி, என் தாய்மாமா, செடியில் மிளகாய் பழுத்துவிட்டதா என்று தடவிப் பார்த்துத்தான் சொல்வார். ஊரில் அதை வேடிக்கையாகப் பேசினார்களே தவிர, குறை என்று யாரும் நினைத்ததில்லை. அந்த மாமாவின் மகளைத்தான் எனக்குக் கட்டுவதாகப் பேச்சிருந்தது. அது நடந்திருந்தால் கதை வேறு. மாமாவின் ஒரே எக்ஸ் அந்தப் பெண்ணிடம் கட்டாயம் இருக்கும். என் எக்ஸிலும் அதே பழுது. எங்களுக்குப் பெண் பிறந்திருந்தால் அவளுக்கும் பாதிக்குப் பாதி நிறக்குறை வந்திருக்கும். பெண்களிடம் இது அரிதாக இருப்பதற்குக் காரணம், இரண்டு எக்ஸிலும் பழுது சேர வேண்டும் என்பதுதான். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்கள் 100-க்குச் சுமார் 8 பேர், பெண்கள் 200-க்குச் சுமார் ஒருவர் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். சொந்தத்தில் கட்டும்போது அந்த இரண்டும் சேர வழி அகலமாகிவிடுகிறது. (இந்தப் பத்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டாதே. மாமன் மகள் பேச்சை எடுத்தாலே அவளுக்கு முகம் மாறிவிடும்.)

பழுது என்று சொன்னேனே, அது என்ன பழுது? ஜெரமி நாதன்ஸ் என்ற அமெரிக்கரும் உடன் வேலை செய்தவர்களும் 1986-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். சிவப்புக்கான மரபணுவும் பச்சைக்கானதும் எக்ஸில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே அச்சு. தாயின் உடலில் கருமுட்டை உருவாகும்போது அவளுடைய இரண்டு எக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில், அவசரத்தில் சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போடுவது போல, இந்த மரபணுக்கள் தள்ளிப் பொருந்திவிடுவது உண்டு. ஒரு பக்கம் ஒன்று கூடிவிடும், மறுபக்கம் ஒன்று குறைந்துவிடும், அல்லது பாதி இதுவும் பாதி அதுவுமாக ஒட்டிக்கொள்ளும். நம் குடும்பத்தில் அது எந்தத் தலைமுறைப் பாட்டியிடம் நடந்ததோ! அவருக்கே தெரிந்திருக்காது. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

ஜான் டால்டனைப் பள்ளியில் படித்திருப்பாய், அணுக்கொள்கைக்காரர். அவருக்கும் இதே கண், அவருடைய உடன்பிறந்த சகோதரருக்கும் இதே கண். ஜெரேனியப் பூ பகலில் நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிகிறதே என்று யோசித்து, 1794-இல் மான்செஸ்டரில் ஒரு கட்டுரை வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலச்சாயம் கொண்டது என்பது அவருடைய ஊகம். செத்த பிறகு கண்ணை அறுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். 1844-இல் பார்த்தார்கள், நீர்மம் தெளிவாகத்தான் இருந்தது. கண்ணைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தினார்கள் பார், அதுதான் பெரிய காரியம். 1995-இல் அதிலிருந்து மரபணுவை எடுத்து, பச்சைக்கான நிறமி அவருக்கு இல்லை என்று சொன்னார்கள். கேள்வி கேட்டு இருநூறு வருடம் கழித்துப் பதில் வாங்கிய மனிதர்.

இனி பையன் விஷயம். "இது என்ன நிறம், அது என்ன நிறம்" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் அவனைக் கேட்பதை உடனே நிறுத்து. அதில் மாப்பிள்ளை முதல் ஆள் என்று தெரிகிறது. அவரிடம் நான் சொன்னதாகவே சொல். கிரேயான் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டு. மரத்துக்குப் பச்சைக்குப் பதில் பழுப்பு அடித்தால் மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று வகுப்பு ஆசிரியையிடம் நேரில் போய்ச் சொல். வரைபடங்களில் நிறத்தை மட்டும் வைத்துக் கேட்கும் கேள்விகள் வரும். அங்கே கோடும் புள்ளியும் போட்டுக் கொடுத்தால் போதும். நான் கரூரில் நூல் கடைக் கணக்கில் காலம் தள்ளியவன். முதலாளி என் கண்ணைப் பற்றிச் சீக்கிரமே தெரிந்துகொண்டார், வேலையை விட்டு அனுப்பவில்லை. நூல் சுற்றிய ஒவ்வொரு கோனிலும் ஷேடு எண் ஒட்டியிருக்கும். எண்ணைப் பார்த்து எடுத்துக்கொடுத்தேன். நிறத்தைப் பார்த்து எடுத்தவர்கள்தான் சாயங்கால வெளிச்சத்தில் மாற்றி எடுப்பார்கள்.

பெரியவனானால் என்ன ஆகும் என்று இப்போதே கவலைப்படுகிறாய். ரயில் ஓட்டும் வேலை கிடைக்காது, இன்னும் சில வேலைகளும் அப்படித்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தரலாம் என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. நம் தமிழ்நாட்டு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் வேலை நிறக்குறையைக் காட்டி மறுக்கப்பட்ட ஒருவருக்கு, 2023-இல் உச்ச நீதிமன்றம் வேலை கொடுக்கச் சொன்னது. அவன் வளர்வதற்குள் இன்னும் எவ்வளவோ மாறும்.

சின்னக்குட்டிக்கு நிறம் தெரியும், பயப்படாதே; மாப்பிள்ளையின் எக்ஸ் அவளிடம் கட்டாயம் இருக்கிறது. ஆனால் என் எக்ஸும் அவளிடம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. கல்யாண வயதில் அவளிடம் சொல், அதற்கு முன் வேண்டாம். உன் தங்கையும் உன்னைப் போலவே என் எக்ஸைச் சுமப்பவள்தான். அவளுக்கு நானே சொல்லிவிட்டேன். அவள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஒரு வேலை செய். டாக்டர் கொடுத்த சீட்டில் "புரோட்டன்", "டியூட்டன்" என்ற இரண்டில் எது எழுதியிருக்கிறது என்று பார். முதலாவது சிவப்பு நிறமியின் குறை, இரண்டாவது பச்சையுடையது. எனக்கு எந்த வகை என்று நான் இதுவரை பார்த்ததில்லை. வரும் திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போகிறேன். பையனிடம் இருப்பது என் எக்ஸ் என்றால் இருவருக்கும் ஒரே வகையாகத்தான் வரவேண்டும். வேறு வேறாக வந்தால் உன் அம்மா பக்கத்து ஆண்களையும் உட்காரவைத்து ஒரு சுற்று விசாரிக்க வேண்டியிருக்கும். அதை அவளிடம் இப்போதே சொல்லாதே.

இப்படிக்கு,
அப்பா