கோரை ஊறிய தண்ணீர்

ஐயா,

பத்தமடை குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1887-இல் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர், பட்டுப்போல் மடியும் பாய்க்குப் பேர்போன ஊர்; எல்லாம் சரி. ஆனால் தாமிரபரணிக் கரைக் கோரையையும் கன்னடியன் கால்வாயையும் விட்டுவிட்டு இந்த ஊருக்கு வரலாறு ஏது? என் சிறுவயதில் எதிர்வீட்டுப் பெரியம்மா கோரைக் கட்டுகளைக் கால்வாய்ப் படித்துறையில் ஓடும் தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போடுவார். அது உப்பிய பிறகுதான் மயிரிழையாகக் கிழிப்பார். கட்டின்மேல் கல் தூக்கி வைக்க எங்களைக் கூப்பிடுவார். கூலி, ஆளுக்கொரு கடலைமிட்டாய். இன்று அந்தப் படித்துறையில் அமலைச்செடியும் பாலிதீன் பையும்தான் மிதக்கின்றன.

பேருந்து நிறுத்தத்தில் கால்வாயின் வழியையும் படித்துறைகளையும் காட்டும் வரைபடம் ஒன்றை வைக்கலாம். அதற்கு முன், அடுத்த பருவத்துக்குத் தண்ணீர் திறக்குமுன்னே அமலையை அள்ளிவிட வேண்டும்.

— வாசகர் ஒருவர், பத்தமடை